மகன் முகத்தில் வளரும் வேண்டுதல்

தாடி தானாக வளரும். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விளக்கேற்ற வேண்டாம், மாதக் கட்டணமும் கிடையாது. வேண்டுதல்களிலேயே வம்பில்லாத வேண்டுதல் இதுதான் என்று நினைத்துத்தான் புஷ்பலதா அன்று வாயைத் திறந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது அது. கல்லுடைப்புக் கம்பெனி லாரியை நிறுத்திவிட்டு வந்து சோற்றில் கை வைத்த அவள் கணவர் ராமையா, வைத்த கையை எடுக்க முடியாமல் சாய்ந்துவிட்டார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி லிப்ட் வாசலில் நின்றுகொண்டு, சித்தியவான் பக்கம் அவர்கள் பிறந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மனிடம் புஷ்பலதா பேரம் பேசினாள். 'இவரை எழுப்பி நடக்க வை தாயே. உன் திருவிழா வரைக்கும் என் மகன் முகத்தில கத்தி படாது.'

அம்மன் தன் பங்கை முடித்துவிட்டாள். ராமையா நான்கு கால் கைத்தடியை ஊன்றி, ஈப்போவில் குனோங் ராபாட் வீட்டில் வாசலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறார். பாக்கி இருப்பது ஷர்வினின் பங்கு. அது நாளொரு மேனியாகக் காது முதல் கழுத்து வரை இறங்கிக்கொண்டிருக்கிறது.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். ஷர்வின் மருத்துவ உதவியாளர் படிப்பில் கடைசி வருடம். தோட்டத்துக் காலத்தில் அந்த வேலைக்கு டிரசர் என்று பெயர். அவனுடைய பெரியப்பா கோயிலில் கட்டியிருக்கும் பேனரில் 'டாக்டர்' என்று போட்டிருக்கிறது. கல்லூரிக்காரர்களோ அவனை இன்னும் எதுவாகவும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் நேற்றுச் சாயங்காலம் போன் வந்தது.

"ஷர்வின் அம்மாங்களா? நான் கார்மென், அவனோட டியூட்டர். நாளைக்குக் காலையில ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா? தாடி விஷயமாப் பேசணும்."

இருபத்திரண்டு வயது மகனின் முகத்தைப் பற்றிப் பேச அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். புஷ்பலதாவுக்கு அது விசித்திரமாகப் படவில்லை. அந்த முகத்தை அடகு வைத்தவள் அவள்தானே.

* * *

இரவு ஷிப்ட் முடிந்து நேராகக் கல்லூரிக்கு வந்திருந்தாள். கையுறைத் தொழிற்சாலையில், அவள் பேச்சில் கிலாங்கில், அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. ஓட்டைக் கையுறையைப் பொறுக்கித் தள்ள வேண்டும். நெற்றியில் வலைத்தொப்பியின் ரப்பர் பதிந்த கோடு இன்னும் அழியவில்லை. வளையல்கள் கைப்பையில் கிடந்தன. தாலி, ஊக்கு குத்தி ரவிக்கைக்குள் இருந்தது. ஸ்டிக்கர் பொட்டை லாக்கர் கதவிலேயே ஒட்டிவிட்டு வந்திருந்தாள். அந்தக் கதவில் ஏற்கெனவே ஒரு வரிசை பொட்டுகள் உண்டு. இத்தனை வருடத்தில் அவற்றுக்காக எவரும் கொடி பிடித்ததில்லை. அவளும் கேட்டதில்லை. உள்ளே போகும்போது கழற்றுவது, வெளியே வரும்போது மாட்டுவது, அவ்வளவுதான்.

கல்லூரி வாசலில் ஷர்வின் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. நகம் வெட்டியிருந்தான். கையில் கடிகாரம் இல்லை, கயிறு இல்லை. காலணி பளபளத்தது. கழுத்துக்குக் கீழே எல்லாச் சட்டத்துக்கும் அடங்கிய பிள்ளை. கழுத்துக்கு மேலே தலைமறைவுக் குற்றவாளி.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"கிலாங்கிலயே ரொட்டி தின்னுட்டேன். உங்க டியூட்டர் மிசி ரொம்பக் கோவமா இருக்காங்களா?"

"அவங்க கோவப்பட மாட்டாங்கம்மா. டயர்டா இருப்பாங்க. அதுதான் பயமா இருக்கும்."

அப்போது கேட்டைத் தாண்டி ஒரு பழைய மெர்சிடிஸ் நுழைந்தது. புஷ்பலதா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோதும் அது அங்கேயே இருந்தது.

பத்துமலை இறங்கினார். ராமையாவின் அண்ணன், தோட்டத்துக் கோயிலின் தலைவர். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்களெல்லாம் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகும், கோயிலும் தலைவர் பதவியும் மிச்சம் இருந்தன. அந்தப் பதவியை அவர் ஒரு நாட்டை ஆளுகிற மாதிரிதான் ஆண்டுவந்தார். சஃபாரி சூட். முகவாயைச் சுற்றி, கரிக்கட்டையால் வரைந்தது போலச் சாயம் பூசிய தாடி.

"மாமா, நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்..."

"என்னாம்மா இப்படிக் கேட்டுட்டே? இது உன் மகன் பிரச்சினையா? இது நம்ம இனத்துப் பிரச்சினை லா! நம்ம தொகுதி YB கிட்டயே பேசிட்டேன்."

"YB என்னா சொன்னாரு பெரியப்பா?" என்றான் ஷர்வின்.

"மீட்டிங்ல இருக்காராம். அவரோட டிரைவர் கிட்டப் பேசினேன். அவருக்கும் ரொம்ப வருத்தம்."

* * *

கார்மெனின் அறை சின்னது. சுவரில் பெரிய போஸ்டர் ஒன்று தொங்கியது. 'தொழில்முறைத் தோற்றம்: நோயாளியின் நம்பிக்கை உங்கள் உடையில் தொடங்குகிறது' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள். முழங்கைக்குக் கீழே நகை, கடிகாரம், கயிறு எதுவும் கூடாது. முடி காலரைத் தொடக் கூடாது. தொங்குகிற எதுவும் நோய்க்கிருமிக்கு ஊஞ்சல். இதையெல்லாம் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு படத்தில் சிரித்தவர் கல்லூரி இயக்குநர். அவர் கழுத்தில் பட்டு டை தொங்கியது. மணிக்கட்டில் தங்கக் கடிகாரம். இரண்டு விரலில் கல் மோதிரம்.

புஷ்பலதா படத்தைப் பார்ப்பதை கார்மென் கவனித்தார். "அவரு வார்டுக்குள்ள போக மாட்டாரும்மா," என்றார் சோர்வாக. "உட்காருங்க."

பல வருடம் வார்டில் நின்று நின்று கால் நரம்பு புடைத்த பிறகு பாடம் நடத்த வந்தவர் கார்மென். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். மோதிர விரலில் மோதிரம் இருந்த தடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"நேரா விஷயத்துக்கு வந்துடறேன். திங்கட்கிழமையிலேர்ந்து ஷர்வினுக்கு டிபி வார்டு போஸ்டிங். அங்க சாதா மாஸ்க் போதாது. என்95 போடணும். அது முகத்தோட ஒட்டி நிக்குதான்னு ஒரு டெஸ்ட் இருக்கு. அதுல பாஸானாத்தான் உள்ள விடுவேன். தாடி இருந்தா அந்த டெஸ்டையே எடுக்கக் கூடாது. திங்கட்கிழமை விட்டா இந்தப் போஸ்டிங் அடுத்த பேட்ச்சோடதான். அதாவது, கூடப் படிச்சவங்க எல்லாம் வேலைக்குப் போவாங்க, இவன் அரை வருசம் வீட்டில இருப்பான்."

புஷ்பலதாவுக்கு அந்த அரை வருடம் நன்றாகத் தெரியும். லாரி ஓட்டியவர் நடை பழகிக்கொண்டிருக்கிற வீட்டில், அவள் ஒருத்தியின் சம்பளத்தில், இன்னோர் அரை வருடம்.

பத்துமலை தொண்டையைச் செருமினார். கோயில் மைக்கைத் தட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"மேடம், ஒங்களுக்கு மதிப்புக் குடுத்துத்தான் பேசறேன். தாடிங்கறது எங்க மதக் கட்டளை. அதுல யாரும் கை வைக்க முடியாது."

"சார், போன வருசம் ஒரு சிங் பையன் இருந்தான். அவனுக்கு டிபி வார்டு இல்லாம வேற இடம் மாத்திக் குடுத்தோம். யாரும் தாடியில கை வைக்கல. ஷர்வினுக்கும் அப்படிக் கேக்கலாம். ஆனா அதை முன்னாலயே கேட்டிருக்கணும். இப்ப கேட்டா பதில் வர அந்த அரை வருசம் ஆயிடும்." கார்மென் புஷ்பலதாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. இது உங்க மதக் கட்டளையா?"

"ஆமா!" என்றார் பத்துமலை.

"இல்ல மிசி," என்றாள் புஷ்பலதா. "நான் வேண்டிக்கிட்டது. லிப்ட் கிட்ட நின்னு."

கார்மென் ஷர்வினை ஒரு பார்வை பார்த்தார்.

"ஷர்வின் கிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல. வேண்டிக்கிட்டு அப்புறமாச் சொன்னேன்."

அவள் சொல்லாத பாதி ஒன்று இருந்தது. அன்று லிப்ட் வாசலில் முதலில் அவள் நாக்குக்கு வந்தது தன் தலைமுடிதான். 'மொட்டை போடுகிறேன் தாயே' என்று பாதி சொல்லிவிட்டாள். அந்தப் பாதியில் தங்கை மகள் ஷாமினியின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. திருவிழாவுக்கு அடுத்த வாரம் அது. மொட்டைத் தலையோடு மணவறை பக்கத்தில் நிற்பதா? தொழிற்சாலைப் பெண்கள் என்ன பேசுவார்கள்? உயிருக்குப் போராடுகிற கணவரை மேல்மாடியில் வைத்துக்கொண்டு, கீழே நின்று அவள் கல்யாண போட்டோவைப் பற்றி யோசித்தாள். மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் மகனின் கன்னம் கைக்கு வாகாகக் கிடைத்துவிட்டது.

"அவ சின்னப் பொண்ணு, பயந்து பேசறா," என்று ஐம்பது வயதை நெருங்கும் புஷ்பலதாவைத் தள்ளிவைத்தார் பத்துமலை. "மேடம், நான் கேக்கறேன். ஒரு மயிரு... மன்னிக்கணும், ஒரு ரோமம் இருக்கற எடத்துல காத்துப் போகுமா? எங்களுக்குக் காது குத்தறீங்களா? அந்த மாஸ்க்கைக் குடுங்க. எனக்கும் தாடி இருக்கு. நானே போட்டுக் காட்டறேன். டேய் ஷர்வின், உன் போனை எடு. வீடியோ எடு. நாலு பேருக்குத் தெரியட்டும்."

கார்மென் ஒரு பெருமூச்சை விட்டு எழுந்தார். "ஆஸ்துமா கீஸ்துமா இருக்கா சார்?"

"எனக்கா? சிங்கம் மாதிரி இருக்கேன்."

சிங்கத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாஸ்க்கை மாட்டி, மூக்குக் கம்பியை அழுத்தி, பட்டைகளை இறுக்கினார்கள். அதற்கு மேல் தோள் வரை இறங்கும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரத்தைக் கவிழ்த்தார்கள். முன்னால் கண்ணாடி போன்ற ஜன்னல். அதற்குள் பத்துமலையின் கண்கள் மட்டும், மீன் தொட்டியில் கிடக்கும் பெரிய மீனைப் போல உருண்டன.

"நான் இந்த ஓட்டை வழியா ஒரு மருந்தை அடிப்பேன். விஷம் இல்ல, கசப்பு மட்டும்தான். மாஸ்க் ஒட்டி இருந்தா ஒண்ணும் தெரியாது. காத்து நுழைஞ்சா நாக்குல கசக்கும். நீங்க பேசிக்கிட்டே இருக்கணும், தலையை இப்படி அப்படித் திருப்பணும். பேச முடியுமா சார்?"

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. கூடாரத்துக்குள்ளிருந்து கம்பீரமாகக் குரல் கிளம்பியது.

"மதிப்பிற்குரிய பெரியோர்களே..."

கார்மென் ஒரு முறை அழுத்தினார்.

"தாய்மார்களே... நமது ஆலயத்தின்... ஆலயத்..."

இன்னொரு முறை.

ஜன்னலுக்குள் கண்கள் சுருங்கின. தலைவர் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒண்ணும்... இல்ல... ஒண்ணுமே..." என்றார். அதற்குள் உடம்பு உண்மையைச் சொல்லிவிட்டது. கூடாரம் குலுங்கியது. இருமல், அடுத்து ஓங்கரிப்பு, அப்புறம் பிளாஸ்டிக்கைப் பிய்த்து எறியும் கைகள். வெளியே வந்த முகத்தில் சாயம் கரைந்து கன்னத்தில் கறுப்பாக ஓடியிருந்தது.

"தண்ணி! தண்ணி குடு லா!"

ஷர்வின் ஒரு கையால் தண்ணீரைக் கொடுத்தான். இன்னொரு கையில் போன் அசையாமல் நின்றது. எடுக்கச் சொன்னதை எடுக்கும் பிள்ளை அவன்.

"சைடுல கொஞ்சம் லூசு," என்றார் பத்துமலை, வாயைக் கொப்பளித்துக்கொண்டே. "மத்தபடி ஒண்ணும் இல்ல."

"அந்த சைடு வழியாத்தான் சார் டிபி கிருமி போகும்," என்றார் கார்மென். குரலில் வெற்றி எதுவும் இல்லை. வெற்றி பெறக்கூடத் தெம்பு இல்லாத குரல். பிறகு புஷ்பலதாவைப் பார்த்தார். "அது கசக்காதும்மா. இருமல் காட்டறதுக்கே மாசக் கணக்காகும். அதுக்குள்ள வீட்டுக்கு வந்துடும். வீட்டில ஸ்ட்ரோக் வந்தவரு இருக்காரு இல்ல?"

புஷ்பலதாவின் வேலையே ஓட்டைக் கையுறையைக் கண்டுபிடிப்பது. காற்றை ஊதி, தண்ணீரை நிரப்பி, எங்கே கசிகிறது என்று இரவு முழுக்கப் பார்ப்பவள். தன் வீட்டுக்குள்ளேயே ஓர் ஓட்டையை வேண்டுதல் வைத்து வளர்த்திருக்கிறாள். ராமையாவின் உயிருக்காக வளர்ந்த தாடி, ராமையாவின் நெஞ்சுக்கு வழி திறந்துவிடும் போலிருந்தது.

"திங்கட்கிழமை வருவான் மிசி," என்றாள்.

* * *

கல்லுமலை அடிவாரத்துச் சாலையோர ஒட்டுக்கடையில் ஷர்வின் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். வெயில் ஏறிவிட்டது. சாலையில் போன லாரி ஒன்று தூசியை வாரி இறைத்தது. புஷ்பலதா வழக்கம்போல அது ராமையாவின் லாரியா என்று பார்த்து, இல்லை என்று திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு தே தாரிக், ஒண்ணு சீனி குறைச்சு," என்றவன், தேநீர் வந்ததும் சொன்னான்: "நான் எடுக்க மாட்டேன்ம்மா."

"எதை?"

"தாடியை."

சற்று முன்புதான் அவள் ஒரு பாரத்தை இறக்கி வைத்திருந்தாள். அதை அவன் அவள் மடியிலேயே தூக்கிப் போட்டான்.

"உனக்கு என்னா பைத்தியமா? டிரசருக்குப் படிக்கிற பிள்ளை நீ. அந்த மிசி சொன்னது கேட்டுச்சு இல்ல?"

"கேட்டுச்சு. எனக்கே தெரியும். பரிட்சையில வந்தா எழுதுவேன்." தேநீரின் ஆடையை விரலால் ஒதுக்கினான். "தினம் வார்டுல நாலு பேருக்குச் சவரம் பண்ணி விடறேன்ம்மா, ஆபரேஷனுக்கு முன்னால. அப்பாவுக்கும் நான்தான் பண்றேன். பிளேடு கையிலதான் இருக்கு. ஆனா என் முகத்துக்கிட்ட வந்தா கை போவ மாட்டேங்குது. அப்பா இப்பத்தான் வாசல் வரைக்கும் வராரு. நான் எடுத்த மறுநாள் ஏதாச்சும் ஆனா? நீங்க சொல்ல மாட்டீங்க. பெரியம்மா சொல்லுவாங்க. கோயில்ல எல்லாம் சொல்லுவாங்க. நானே சொல்லிக்குவேன்."

"ஒரு மண்ணும் ஆகாது."

"அப்ப ஏன்ம்மா வேண்டிக்கிட்டீங்க?"

அவள் தேநீரை ஆற்றினாள். பத்துமலை மாமாவாக இருந்தால் ஏதாவது பேசியிருப்பார்.

அவன் மோட்டாரை எடுக்கப் போனபோது அவள் போனை எடுத்துத் தோட்டத்துக் கோயில் பூசாரி சீனியை அழைத்தாள். வார நாளில் செம்பனை லாரி ஓட்டுகிறவர், திருவிழாவில் மட்டும் சாமி ஆடுகிறவர். இரைச்சலுக்கு நடுவே எல்லாவற்றையும் கேட்டார்.

"சீனி அண்ணே, வேண்டுதலை மாத்தலாமா? அவனுக்குப் பதிலா நான்..."

"ஏன் மாத்தக் கூடாது? ஆத்தா என்ன தோட்டத்து ஆபீஸ் கிராணியா, பேரு நம்பரு பாத்து வருகை எழுத? வாய் தொறந்து வேண்டுனது நீ. குடுக்க வேண்டியதும் நீதான். அவன் முகத்தைக் குடுக்க உனக்கு யாரும்மா உரிமை குடுத்தா? சரி, நீ என்னா குடுக்கப் போறே?"

புஷ்பலதா கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். இரவு முழுக்க வலைத்தொப்பிக்குள் கிடந்து நசநசத்துப் போயிருந்தது.

"முடி," என்றாள்.

"அப்பச் சரி. பின்னால ஹார்ன் அடிக்கிறான், வைக்கிறேன்."

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. அதுதான் அவளை இன்னும் களைப்பாக்கியது. இதை இரண்டு மாதத்துக்கு முன்பே, அந்த லிப்ட் வாசலிலேயே செய்திருக்கலாம். மகனிடம் உடனே சொல்லவில்லை. சொன்னால் அவன் விடமாட்டான் என்று தெரியும்.

* * *

ராமையா வாசலுக்கு உட்புறம் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். மடியில் துண்டு. இன்று சவர நாள். இரண்டு நாள் நரை முள் முகமெல்லாம் மினுக்கியது.

ஷர்வின் வெந்நீர்க் கிண்ணத்தோடு வந்து, சோப்பு நுரையை எடுத்து அப்பாவின் கன்னத்துக்குக் கொண்டுபோனான். ராமையா இடது கையால் அதைத் தட்டிவிட்டார்.

"என்னாப்பா?"

ராமையாவுக்குப் பேச்சு இன்னும் கோணலாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லையும் லாரி கியரைப் போல மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

"நீ... மொதல்ல."

"அப்பா, விளையாடாதீங்க."

"என்... காலு," என்றார் ராமையா. நிறுத்தி மூச்சு வாங்கினார். "உன்... தாடியிலயா... நடக்குது? அந்த பிசியோ மிசி... தெனம்... திட்டுறாளே. அவ... திட்டுல... நடக்குது."

சமையலறை வாசலில் நின்ற புஷ்பலதாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. வீட்டுக்கு வந்ததும் அவள்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கூடாரம், கசப்பு, அண்ணனின் சொற்பொழிவு. அண்ணன் இருமியதைச் சொன்னபோது அவர் வாய் கோணிக்கொண்டு சிரித்தார். டிபி என்றதும் சிரிப்பு நின்றது. மொட்டையைப் பற்றி மட்டும் அவரிடமும் சொல்லவில்லை.

"அப்பா, ஏதாச்சும் ஆச்சுன்னா..."

"ஆனா... நீதான... பாக்கணும்? அதுக்குத்தான... படிக்கிற?" இடது கை நீண்டு மகனின் தாடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தது. "ஆடு... மாதிரி... இருக்க. நீ எடுக்கல... நானும்... எடுக்கல. ரெண்டு பேரும்... சாமியாரா... போவோம்."

வாயை இறுக மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். லாரியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்ட மாதிரி.

ஷர்வின் கிண்ணத்தைக் கீழே வைத்தான். பிறகு கண்ணாடியை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டினான். கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்து, நுரையைத் தன் முகத்தில் பூசினான். முதல் இழுப்பு மெதுவாகப் போனது. இரண்டாவது கொஞ்சம் வேகமாக. இடது கன்னம் வெளியே வந்தது. வெளிறி, ஈரமாக, மூன்றாம் படிவத்தில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்த அதே கன்னம்.

புஷ்பலதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்டுக்கு வெளியே மெர்சிடிஸ் வந்து நின்றது.

"புஷ்பா! ஷர்வின் எங்கம்மா?"

பத்துமலை முகத்தைக் கழுவி மறுபடி சாயம் பூசியிருந்தார். கூடவே கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர். அவர் கையில் சுருட்டிய பேனர்.

"பத்திரிகைக்காரரைக் கையோட கூட்டியாந்துட்டேன். அந்த வீடியோ கீடியோ எல்லாம் வேணாம், ஷர்வினை அழிச்சிடச் சொல்லு. அதுக்குப் பதிலா ஒரு படம். தாடியோட, கையெடுத்துக் கும்புடற மாதிரி. 'தந்தைக்காகத் தாடி வளர்க்கும் தனயன்.' திருவிழா மலரோட முதல் பக்கம் லா!"

புஷ்பலதா திரும்பி மகனைப் பார்த்தாள். அவன் ரேசரை அந்தரத்தில் பிடித்தபடி, பாதி முகத்தோடு நின்றான்.

"நீ மீதியை முடி," என்றாள். "நான் பாத்துக்கறேன்."

கேட்டைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்து நின்றாள்.

"தாடி இல்ல மாமா. போயாச்சு. படம் வேணும்னா என்னை எடுத்துக்கச் சொல்லுங்க. வேண்டுதல் என்னோடது. திருவிழாவுல நான் மொட்டை போடறேன்."

பத்துமலையின் வாய் திறந்தது. கூடாரத்துக்குள் திறந்த அதே அளவு.

"மொட்டையா? பொம்பளை, நீயா? அதுக்கு அடுத்த வாரம் ஷாமினி கல்யாணம்! உன் தங்கச்சி மாப்பிள்ளை வீட்டுக்கு என்னா பதில் சொல்லுவா? சபையில நீ எப்படி வந்து..."

"முக்காடு போட்டுக்கறேன். இல்லாட்டி கிலாங் தொப்பியைப் போட்டுக்கறேன். எனக்குப் பழக்கம்தான்."

"அம்மா!"

பின்னால் கதவு படாரென்று திறந்தது. ஒரு கன்னத்தில் நுரை வழிய, மறு கன்னம் பளபளக்க, ரேசரோடு ஷர்வின் ஓடிவந்தான்.

"யாரு மொட்டை? என்கிட்ட ஏன் சொல்லல? நீங்க மொட்டை போடறதா இருந்தா எனக்கு எடுக்கவே வேணாம். இந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்!"

"உள்ள போடா!"

"நீங்க மொதல்ல சொல்லுங்க, போட மாட்டேன்னு!"

ரேசரைக் கேட்டுத் தூண் மேல் வைத்துவிட்டான். கேமராக்காரர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் தலைவரைப் பார்த்தார்.

"அண்ணே... எந்தப் பக்கம் எடுக்கட்டும்?"

புஷ்பலதா மகனின் இரண்டு பாதிகளையும் பார்த்தாள். மழித்த பாதி அவள் பெற்றுக் கொடுத்தது, தாடிப் பாதி அவள் எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமைக்கு இரண்டும் ஒன்றாகியே தீர வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே, தரையில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது.

ராமையா வாசலைத் தாண்டிவிட்டார். படுத்து எழுந்த பிறகு அவர் தனியாக அதைத் தாண்டியதில்லை. ஒரு கையில் தடி, கழுத்தில் துண்டு. மூச்சு இரைக்க நின்று மகனைப் பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து வராத ஒரு முழு வாக்கியம், கோணாமல், தங்காமல் வந்தது.

"டேய், சோப்பு காயுது."